போரும் போச்சு, தோலும் போச்சு

ஒரு பீரங்கியைக் குளத்தில் தள்ளுவது நாம் நினைக்கிற மாதிரி சுலபமான காரியமில்லை. சக்கரம் சேற்றில் சிக்கும். மாடு மிரளும். பாதிக் குளத்தில் நின்றுகொண்டு மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் மானத்தை வாங்கும். ஆனாலும் 1780 செப்டம்பரில் ஒருவர் காஞ்சிபுரத்தில் அதைச் செய்து காட்டினார். கனத்த பீரங்கிகளைப் பெரிய குளத்தில் இறக்கிவிட்டு, அவசர அவசரமாகச் செங்கல்பட்டுப் பாதையைப் பிடித்தார். பீரங்கியை இழுத்துக்கொண்டு ஓட முடியாதல்லவா?

யாரோ பயந்தாங்கொள்ளி சுபேதார் என்று நினைத்துவிடாதீர்கள். சர் ஹெக்டர் மன்றோ! 1764-ல் பக்ஸாரில் மொகலாயப் பேரரசர், அவத் நவாப், மீர் காசிம் என்று மூன்று பேரின் கூட்டணியை ஒரே நாளில் மடக்கிய ஹீரோ. 1778-ல் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பாண்டிச்சேரியைப் பிடித்தவர். அதற்குத்தான் அந்த 'சர்'. பக்ஸாரில் ஜெயித்தவரைக் காஞ்சிபுரம் தோற்கடித்தது.

(சென்னையில் சேணம் இல்லாத குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அவர் வேறு மன்றோ. தாமஸ். அந்தச் சமயத்தில் அவர் இதே படையில் மீசை முளைக்கிற வயதில் இருந்தார். இந்தக் கூத்தையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்ததால்தானோ என்னவோ, பிற்பாடு உருப்பட்டார்.)

இருங்கள். இந்தக் கட்டுரை பீரங்கியைப் பற்றியது என்று யார் சொன்னார்கள்? ஆண் குழந்தைகளின் முன்தோலைப் பற்றியது. அதை வெட்டுவதா வேண்டாமா என்று பெற்றோர் எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதைப் பற்றியது. பேப்பரை மடிக்க வேண்டாம், சம்பந்தம் இருக்கிறது. காஞ்சியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே இருக்கிறது.

மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1780 ஜூலையில் பெரும்படையோடு மலையிறங்கி ஆற்காட்டுச் சீமைக்குள் வந்துவிட்டார். ஆங்கிலேயக் கம்பெனியின் மதராஸ் கவுன்சிலுக்குச் சேதி போனது. கவுன்சில் நம்பவில்லை. கிராமங்கள் எரிகிற புகை கண்ணுக்குத் தெரிந்தபிறகுதான் நம்பியது. பிறகு ஒரு திட்டம் போட்டார்கள்: மன்றோ காஞ்சிபுரத்தில் வந்து நிற்பார், வடக்கே குண்டூர்ப் பக்கத்திலிருந்து கர்னல் வில்லியம் பெய்லி இன்னொரு படையோடு வந்து சேர்ந்துகொள்வார். ரெண்டு படையும் சேர்ந்தால் ஹைதர் காலி. மேப்பில் பார்க்க மிகவும் அழகாக இருந்த திட்டம்.

பெய்லி ஆகஸ்ட் 25-ம் தேதி கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. இன்றே கடக்கலாமா, நாளைக்குக் கடக்கலாமா? நாளைக்கு ஆகட்டும் என்று இக்கரையிலேயே கூடாரம் அடித்தார். அன்று ராத்திரி மழை. ஆறு இரு கரையும் புரண்டது. செப்டம்பர் 3 வரைக்கும் எதிர்க்கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தமிழ்நாட்டில் வருஷத்துக்கு நாலு நாள் தண்ணீர் ஓடுகிற ஆறு, அந்த நாலு நாளைப் பார்த்து ஓடியது!

ஆறு வடிந்து பெய்லி கிளம்பியதும் ஹைதரின் மகன் திப்பு மறித்தார். அப்பாவின் கட்டளை. அப்போது திப்புவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. பெய்லி உதவி கேட்டு எழுதினார். மன்றோ தானே போகாமல், ஃபிளெட்சர் என்பவரிடம் ஆயிரம் பேரைக் கொடுத்து அனுப்பினார். தான் நகர்ந்தால் காஞ்சியில் சேர்த்து வைத்த தானியத்தை ஹைதர் அள்ளிவிடுவாரே என்ற கவலை. நெல்லைக் காத்த வீரர் என்று அவருக்குத் தனியாக ஒரு பட்டம் கொடுத்திருக்கலாம்.

செப்டம்பர் 10, புள்ளலூர். காஞ்சிபுரத்திலிருந்து பதினைந்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம். ஏற்கெனவே மகேந்திரவர்ம பல்லவன் காலத்திலேயே ரத்தம் பார்த்த ஊர். சண்டை அதற்குப் புதிதில்லை. ஹைதரும் திப்புவும் இரண்டு பக்கமும் சூழ்ந்துகொள்ள, பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. மூவாயிரத்துச் சொச்சம் பேர் கொண்ட படை சில மணி நேரத்தில் கரைந்தது. ஃபிளெட்சர் செத்தார். பெய்லி பிடிபட்டார். சத்தம் காஞ்சி வரைக்கும் கேட்டது. மன்றோ காதைத் தீட்டிக் கேட்டார், கொஞ்சம் நடந்தார், நின்றார், திரும்பினார். மிச்சக் கதைதான் குளம்.

இந்த வெற்றியைத் திப்பு ஸ்ரீரங்கப்பட்டணம் தரியா தௌலத் மாளிகையின் சுவர் முழுக்க வரைய வைத்தார். இன்றைக்கும் போய்ப் பார்க்கலாம். பெய்லி பல்லக்குக்குள் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மன்றோ எங்கே என்று தேடாதீர்கள். அவர் போரிலேயே இல்லை, படத்தில் எப்படி இருப்பார்?

ஆனால் மன்றோவுக்கும் ஒரு நினைவுச் சின்னம் உண்டு. ஊருக்குத் திரும்பியவர் ஸ்காட்லாந்தில் தன் பண்ணைக்கு மேலே, ஃபைரிஷ் மலை உச்சியில், கல்லால் ஒரு கோட்டை வாசலைக் கட்டவைத்தார். நாகப்பட்டினம் கோட்டை வாசலின் நகல்! 1781-ல் அவர் டச்சுக்காரர்களிடமிருந்து பிடித்த ஊர். ஸ்காட்லாந்துப் பனியில், கம்பளி மூடிய ஆடுகளுக்கு நடுவே, நம் நாகப்பட்டினம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. காஞ்சிபுரத்துக் குளத்துக்கு நகல் எடுக்க அவருக்கு ஏனோ தோன்றவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புள்ளலூரில் பிடிபட்டவர்களும், அடுத்தடுத்த சண்டைகளில் மாட்டியவர்களும் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் பெங்களூருக்கும் நடத்திச் செல்லப்பட்டார்கள். அதில் டேவிட் பேர்டு என்ற நெடிய, கோபக்கார ஸ்காட்லாந்து கேப்டன் ஒருவர். கைதிகளைச் சங்கிலியில் பிணைத்திருக்கிறார்கள் என்ற செய்தி ஊருக்குப் போனபோது அவருடைய அம்மா, பையனுக்காக அழவில்லையாம். அவனோடு சேர்த்துக் கட்டப்பட்டவனை நினைத்துப் பரிதாபப்பட்டாராம். பிள்ளையைப் பற்றிச் சரியாகக் கணித்த பெற்றோர் என்று இந்தக் கட்டுரையில் இவர் ஒருவர்தான் தேறுவார்.

1782-ல் இன்னொரு கும்பல் வந்து சேர்ந்தது. பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேன் கடலில் பிடித்த ஆங்கிலேயக் கைதிகளுக்குச் சோறு போட முடியாமல், கடலூரில் வைத்து ஹைதரிடம் ஒப்படைத்துவிட்டார். அதில் ஜேம்ஸ் ஸ்கர்ரி என்று ஒரு பையன், பதினைந்து பதினாறு வயது. கடலூரில் கரையிறங்கியவன் கர்நாடகச் சீமையில் பத்து வருஷம் கழித்தான்.

கைதிகளில் இளவட்டங்களையும் சிறுவர்களையும் தனியாகப் பிரித்தார்கள். தலையை மழித்தார்கள். மயக்கத்துக்கு மாஜும் என்ற லேகியத்தைக் கொடுத்தார்கள். நாவிதர் வந்தார். முடிந்தது. பிறகு புதுப் பெயர், புது உடை, திப்புவின் படையில் தனிப் பிரிவில் வேலை. இப்படி நூற்றுக்கணக்கானவர்களுக்கு நடந்தது. இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. ஒருவனைக் கேட்காமல், நாலு பேர் பிடித்துக்கொண்டு, அவன் உடம்பில் கத்தி வைப்பது எந்த அரசன் செய்தாலும் அட்டூழியம்தான்.

சிரிக்க வேண்டிய பகுதி அதற்குப் பிறகு அவர்கள் எழுதியதில் இருக்கிறது. சங்கிலி, பசி, சீதபேதி, பத்து வருஷச் சிறை எல்லாவற்றையும் சொல்கிறார்கள். ஆனால் ஏதோ ஒரு சின்னத் தோல் போனதும் தாங்கள் ஆங்கிலேயர்களாக இருப்பதே போய்விட்ட மாதிரி கதறுகிறார்கள். கிறிஸ்தவம் போச்சு, பிரிட்டன் போச்சு, பரம்பரை போச்சு! ஒரு சாம்ராஜ்யத்தின் மொத்த அடையாளமும் அவ்வளவு சின்ன இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று அதுவரை யாருக்கும் தெரியாது.

ஜேம்ஸ் பிரிஸ்டோ என்ற சிப்பாயும் இப்படி மாட்டியவர். தப்பி வந்து 1790களில் புத்தகம் போட்டார். காவலர்களை வெறுப்பேற்றுவதற்காகக் கைதிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? கண்ணில் பட்ட நாய்களையும் பெருச்சாளிகளையும் பிடித்து அவற்றுக்கும் அதே ஆபரேஷன் செய்தார்களாம். ஐரோப்பிய அறிவொளி யுகத்தின் பதிலடி இது. பெருச்சாளி யாருக்கு என்ன பாவம் செய்தது?

ஸ்கர்ரி ஒருவழியாகத் தப்பி ஆங்கிலேயர் முகாமுக்கு வந்தபோது முள்கரண்டி பிடிக்க மறந்துவிட்டது. நாற்காலியில் உட்கார வரவில்லை. இங்கிலீஷ் தடுமாறியது. தோல் (இது வேறு தோல்) நம்மூர் வெயிலில் கறுத்துப் போயிருந்தது. ஆங்கிலேயன் என்று அவனே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

சரி. இப்போது ரீலை ஒரு நூறு வருஷம் வேகமாக ஓட்டுங்கள். இடம், லண்டன். நல்ல வசதியான வீடு. ஆண் குழந்தை பிறந்திருக்கிறது. டாக்டர் கையில் கத்தியோடு நிற்கிறார். அப்பா பதறுகிறாரா? திப்புவின் பெயரைச் சொல்லி அலறுகிறாரா? இல்லை, ஃபீஸ் எவ்வளவு என்று கேட்கிறார்!

ஆமாம். தாத்தாக்கள் எதை இழந்ததற்காக நடுங்கினார்களோ அதைப் பேரன்கள் பணம் கொடுத்து இழந்தார்கள். ஹைதராலும் திப்புவாலும் சில நூறு பேருக்குத்தான் செய்ய முடிந்தது. இங்கிலாந்து டாக்டர்கள் லட்சக்கணக்கில் செய்தார்கள். அதுவும் சங்கிலி இல்லாமல்.

எப்படி நடந்தது இந்த மாயம்? ஜோனதன் ஹட்சின்சன் என்ற லண்டன் டாக்டர் 1855-ல், யூதர்களுக்கு மேகநோய் குறைவாக இருக்கிறது, காரணம் சுன்னத்தாக இருக்கலாம் என்று எழுதினார். அது விதை. மரமாக்கியவர் அமெரிக்கர். நியூயார்க்கின் பெரிய எலும்பு டாக்டர் லூயிஸ் சேயர். 1870-ல் அவரிடம் ஐந்து வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். முழங்கால் மடங்கியே இருக்கிறது, நடக்க முடியவில்லை. சேயர் காலைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், கடைசியில் கொஞ்சம் நடுவே பார்த்தார். அங்கே தோல் இறுக்கமாக இருந்தது. வெட்டினார். பையன் நடந்துவிட்டான்!

எதனால் நடந்தான் என்று இன்றைக்குச் சொல்வது கஷ்டம். சேயருக்குச் சந்தேகமே இல்லை. அன்றிலிருந்து அவருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே வேர்தான் தெரிந்தது. வலிப்பா, வெட்டு. குடலிறக்கமா, வெட்டு. நம்மூர் ஜோசியருக்கு எல்லாக் கஷ்டத்துக்கும் சனி கிடைத்த மாதிரி அவருக்கு இது கிடைத்தது. 1880-ல் அமெரிக்க மருத்துவ சங்கத்துக்கே தலைவரானார். பரிகாரம் சொல்கிறவருக்கு என்றைக்குத்தான் மவுசு குறைந்தது?

அடுத்து, நீங்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற கார்ன் ஃபிளேக்ஸின் ஜான் ஹார்வி கெல்லாக். சிறுவர்களின் சுயஇன்பப் பழக்கத்தை ஒழிக்க சுன்னத் செய்யுங்கள், மயக்க மருந்து கொடுக்காதீர்கள், வலித்தால்தான் புத்தி வரும் என்று எழுதிய மகான். திப்புவின் நாவிதராவது லேகியம் கொடுத்தார்.

1891-ல் பீட்டர் ரெமண்டினோ என்ற கலிபோர்னியா டாக்டர் இதற்கென்றே ஒரு தடிமனான சரித்திரப் புத்தகம் எழுதினார். முன்தோல் இருக்கிற ஆசாமிகளை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் ஆபத்தான பார்ட்டிகளின் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது அவர் யோசனைகளில் ஒன்று. எல்.ஐ.சி. ஏஜெண்டு வீட்டுக்கு வந்து என்னென்ன கேட்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வேண்டாம், யோசிக்காதீர்கள்.

இங்கிலாந்தில் இது பரவியதற்கு விக்டோரியா மகாராணிதான் காரணம், தாவீது ராஜா வம்சம் என்று நம்பித் தன் பிள்ளைகளுக்கெல்லாம் செய்தார் என்று ஒரு கதை உலவுகிறது. தேடிப் பார்த்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஆதாரம் ஒன்றும் சிக்கவில்லை. நிஜக் காரணம் இன்னும் சப்பையானது. பணக்கார வீட்டுப் பிரசவத்துக்கு டாக்டர் வந்தார், ஏழை வீட்டுக்கு மருத்துவச்சி வந்தாள். டாக்டரிடம் கத்தி இருந்தது, மருத்துவச்சியிடம் இல்லை. ஆகவே தோல் இல்லாதது பெரிய இடத்து அடையாளமாகிவிட்டது. டக்ளஸ் கெய்ர்ட்னர் என்ற குழந்தை மருத்துவர் கேம்பிரிட்ஜ் மாணவர்களிடம் கணக்கெடுத்தார். பேர்பெற்ற பணக்காரப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களில் 84 சதவீதம் பேருக்கு வெட்டியிருந்தது. சாதாரணப் பள்ளிகளிலிருந்து வந்தவர்களில் 50 சதவீதம். திப்புவின் கைதிகள் அவமானம் என்று கதறியதை ஈட்டன், ஹாரோ வகையறாக்கள் அந்தஸ்தாக மாற்றிக்கொண்டன.

அதே கெய்ர்ட்னர் 1949-ல் ஒரு கட்டுரை எழுதி இந்த பலூனில் ஊசி வைத்தார். அவர் சொன்னது ரொம்பச் சாதாரணமான விஷயம். பிறந்த குழந்தைகளில் நூற்றுக்கு 4 பேருக்குத்தான் தோல் முழுசாகப் பின்னால் போகும். மற்றவர்களுக்கு ஒட்டியே இருக்கும். அது வியாதி இல்லை, வளர்ச்சி முடியவில்லை, அவ்வளவுதான். வருஷம் போகப் போகத் தானாக விலகும். அதாவது எழுபது வருஷமாக டாக்டர்கள் பிறந்த குழந்தையைப் பார்த்து, "ஐயோ, இவனுக்குப் பல் இல்லையே!" என்று பதறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தும் வெயிலும் சேராத மாதிரி, இங்கிலாந்துக்காரர்களும் தர்க்கமும் சேர்வது அபூர்வம். கெய்ர்ட்னரைப் படித்துத் திருந்தினார்கள் என்று சொல்ல ஆசைதான். ஆனால் 1948-ல் அரசாங்க இலவச மருத்துவம் வந்தபோது, வைத்தியக் காரணம் இல்லாத சுன்னத் அந்த இலவசத்தில் சேரவில்லை. சொந்தக் காசு என்றதும் மோகம் இறங்க ஆரம்பித்தது. அமெரிக்காவில் இன்ஷூரன்ஸ் பணம் கொடுத்துக்கொண்டே இருந்தது, அங்கே வழக்கம் நிலைத்துவிட்டது. சுத்தம், சுகாதாரம், ஒழுக்கம் எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில் பில்லை யார் கட்டுகிறார்கள் என்பதில் வந்து நின்றது.

அமெரிக்கப் பெற்றோர் என்ன யோசித்து முடிவு செய்கிறார்கள் என்று 1987-ல் டென்வரில் ஓர் ஆய்வு பார்த்தது. வியாதியா? இல்லை. டாக்டர் சொன்னதா? அதுவும் இல்லை. அப்பாவுக்குச் செய்திருந்தால் பையனுக்கும் செய், இல்லையென்றால் வேண்டாம். எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம் அதுதான். குழந்தைக்கு மூக்கு யார் ஜாடை என்று நாம் தேடுவோம். அவர்கள் இன்னும் கொஞ்சம் கீழே தேடினார்கள்.

தென் கொரியாவில் முன்பெல்லாம் இந்த வழக்கமே கிடையாது. 1945-க்குப் பிறகு அமெரிக்க ராணுவம் வந்து இறங்கியது. பார்த்தார்கள், பிடித்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடப் பையன்களைக் குளிர்கால லீவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நாம் லீவில் பிள்ளைகளை டைப்ரைட்டிங்குக்கு அனுப்பினோம். நம் பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

இத்தனை பெரிய மனிதர்களில், பையனைக் கேட்டால் என்ன என்று யோசித்த ஒருவர் உண்டு. அக்பர்! அவருக்கு நடந்தது காபூலில். அப்பா ஹுமாயூன் ராஜ்யத்தை இழந்து ஊர் ஊராக அலைந்து, 1545-ல் காபூலைத் தம்பியிடமிருந்து மீட்ட கையோடு மகனுக்கு விழா எடுத்தார். மூன்று வயதுப் பிள்ளை அம்மாவைப் பிரிந்து வெகுநாள் ஆகியிருந்தது. அரண்மனைப் பெண்களுக்கு நடுவே அம்மாவை உட்கார வைத்து, கண்டுபிடி பார்க்கலாம் என்று விட்டார்கள். நேராக ஓடிப்போய் அம்மா மடியில் விழுந்தான் என்று அக்பரின் சரித்திரத்தை எழுதிய அபுல் ஃபசல் உருகுகிறார். அம்மா கிடைத்த சந்தோஷத்தில் அடுத்து வருவது என்னவென்று பிள்ளைக்குத் தெரிந்திருக்காது.

மறக்கவில்லை போலிருக்கிறது. பேரரசரானதும் அக்பர் ஓர் உத்தரவு போட்டார்: பன்னிரண்டு வயதுக்கு முன் எந்தப் பையனுக்கும் சுன்னத் கூடாது, அதற்கப்புறமும் பையனின் விருப்பம். அவரைக் கண்டாலே ஆகாத அரசவைச் சரித்திரக்காரர் பதாயூனி இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதி வைத்திருக்கிறார். உத்தரவை யார் கேட்டார்கள்? இந்துஸ்தானத்தையே ஆண்ட சக்கரவர்த்தியால் ஒரு வீட்டுப் பாட்டியை ஆள முடியவில்லை.

நம் பக்கம் இதெல்லாம் முஸ்லிம் வீட்டுச் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். மதுரைக்கு மேற்கே பிறமலைக் கள்ளர்களிடம் இந்த வழக்கம் இருந்ததை எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியான தன் ஜாதி, பழங்குடித் தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். பையனைத் தாய்மாமன் தோளில் தூக்கிக்கொண்டு ஊருக்கு வெளியே தோப்புக்குப் போவார். சங்கு ஊதுவார்கள். வெற்றிலை பாக்கு கொடுப்பார்கள். நாவிதர் காரியத்தை முடிப்பார். பையனுக்குப் புதுத்துணி. எங்கிருந்து வந்தது இந்த வழக்கம் என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். வந்த வழி தெரியாத வழக்கத்தைத்தான் நாம் ரொம்பக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வோம்.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் இது மார்க்கக் கடமை, விருந்தோடு வருகிற கல்யாணம். மாலை, புதுச்சட்டை, சொந்தபந்தம், பிரியாணி. நாயகனுக்கு மட்டும் பிரியாணி இறங்காது. அங்கே பெற்றோர் முடிவெடுக்க வேண்டியது செய்வதா வேண்டாமா என்பதை அல்ல. எப்போது, யாரிடம் என்பதை. முன்பு நாவிதர், இப்போது பெரும்பாலும் சர்ஜன். மரத்துப்போக ஊசி, ஒரு தையல் அல்லது ஒரு பிளாஸ்டிக் வளையம், வீட்டுக்குப் போகலாம். நம்பிக்கையால் செய்கிறவர்களிடம் ஒரு நேர்மை உண்டு. கடவுளுக்காகச் செய்கிறோம் என்கிறார்கள். முழங்கால் நிமிரும் என்று சொல்வதில்லை.

கஷ்டம் மற்றவர்களுக்குத்தான். காஞ்சிபுரத்தில் ஒரு வீட்டில் முகூர்த்தப் புடவை எடுக்க எத்தனை பேர் போவார்கள்? பன்னிரண்டு பேராவது. கோர்வை சரியா, ஜரிகை கறுக்குமா, முந்தி பத்துமா, கொடவுனில் வேறு கலர் இருக்கிறதா என்று கடையையே புரட்டிப் போட்டுவிட்டு, "நாளைக்கு வர்றோம்" என்பார்கள். அதே குடும்பம், குழந்தை ஒண்ணுக்குப் போகும்போது முனை கொஞ்சம் உப்புகிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போகும். தோல் இறுக்கமாக இருக்கிறது, ஒரு சின்ன ஆபரேஷன் என்று யாராவது சொன்னால் ரெண்டு நிமிஷத்தில் தலையாட்டிவிட்டு வரும். பட்டுக்கு உள்ள கேள்வி பையனுக்கு இல்லை.

கேட்க வேண்டியது ஒன்றும் பிரமாதமில்லை. குழந்தைக்குத் தோல் பின்னால் வராதது பிறவி இயல்பு. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறேன் பேர்வழி என்று அதை இழுக்கக் கூடாது. இழுத்தால் கிழிந்து தழும்பாகி, இல்லாத வியாதியை நாமே உண்டாக்குவோம். திரும்பத் திரும்பச் சீழ் பிடிக்கிறது, வெள்ளையாய்த் தழும்பு கட்டுகிறது, சிறுநீர் அடைக்கிறது என்றால் அது வேறு; அப்போது டாக்டர் சொல்வதைக் கேட்க வேண்டும். நடுவில் இருக்கிற பல பையன்களுக்குக் களிம்பே போதும். இல்லாவிட்டால் பொறுமை.

வெட்டினால் நன்மையே இல்லையா? உண்டு. தென்னாப்பிரிக்கா, கென்யா, உகாண்டா மூன்று நாடுகளில் வளர்ந்த ஆண்களிடம் நடந்த சோதனைகளில் பெண்களிடமிருந்து எச்.ஐ.வி. தொற்றுவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. 2007-ல் உலக சுகாதார நிறுவனம் அந்நோய் மிக அதிகமாகப் பரவியிருந்த ஆப்பிரிக்கப் பகுதிகளுக்கு அதைச் சிபாரிசு செய்தது. கைக்குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்றும் கொஞ்சம் குறைகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2012-ல் இதையெல்லாம் கூட்டிக் கழித்து, நன்மை அபாயத்தைவிட அதிகம், ஆனால் எல்லாருக்கும் செய்யுங்கள் என்று சொல்லுமளவுக்கு அதிகமில்லை, பெற்றோரே முடிவு செய்யட்டும் என்றது. ஐரோப்பாவில் பல நாட்டு டாக்டர்கள் அதே புள்ளிவிவரத்தைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார்கள். அவர்கள் அப்பாக்களுக்குச் செய்திருக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனை மன்னர்கள், சர்கள், பேராசிரியர்கள் எல்லாரையும்விடப் புத்திசாலித்தனமான ஒரு விதியைச் சுமார் 1,800 வருஷத்துக்கு முன் யூத குருமார்கள் சொல்லிவிட்டார்கள். எட்டாம் நாள் சுன்னத் அவர்களுக்குக் கடவுள் கட்டளை. அதில் சமரசமே கிடையாது. ஆனால் ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளைகள் அதில் ரத்தம் நிற்காமல் இறந்திருந்தால் மூன்றாவது பிள்ளைக்குச் செய்யக் கூடாது என்று தால்முத் சொல்கிறது. அக்கா தங்கைகளின் பிள்ளைகள் அப்படி இறந்தாலும் இந்தப் பேச்சு வருகிறது. ரத்தம் உறையாத ஹீமோஃபீலியா வியாதி தாய் வழியில் வந்து ஆண் குழந்தையைத் தாக்குகிறது என்பதை, பெயர்கூட வைக்காத காலத்தில் பார்த்துப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். கடவுள் கட்டளையைக்கூட ஒரு தாயின் அனுபவத்துக்காக நிறுத்தி வைத்தார்கள்.

ஆகவே நீங்கள் மார்க்கத்துக்காகச் செய்கிறவரானாலும் சரி, டாக்டர் சொல்லிச் செய்கிறவரானாலும் சரி, தேதி குறிப்பதற்கு முன் தாய்மாமனைக் கூப்பிடுங்கள். மோதிரம், சங்கிலி, சீர் வரிசை பேச்செல்லாம் அப்புறம். சின்ன வயசில் பல் பிடுங்கினபோது உங்களுக்கு ரத்தம் சீக்கிரம் நின்றதா, கீழே விழுந்தால் மூட்டு வீங்குமா, உங்கள் தாய்மாமன் யாராவது அப்படி இறந்தாரா என்று கேளுங்கள். ஆமாம் என்று ஒரு பதில் வந்தாலும் அதை அப்படியே டாக்டரிடம் சொல்லி, ரத்தப் பரிசோதனை முடிகிறவரை கத்தியை எடுக்க விடாதீர்கள்.